தாம்பரத்துக் கூடத்துக்கு எந்தத் தொலைக்காட்சி?

32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளின் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபின், தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்க் குடும்பங்களுக்கும் உயர்தரப் பெட்டிகள் சற்றே நெருங்கி வந்துள்ளன. மலிவான எல்இடி பெட்டியில் பின்விளக்கின் ஒளி திரை முழுதும் பரவுவதால் இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூத்துத் தெரிய, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓஎல்இடி திரையில் கருப்பு முழுக் கருப்பாகவே நிற்கிறது. விளக்கணைத்துப் படம் பார்ப்போருக்கு இது உண்மையிலேயே பெரும் பேறு. பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்தில், பத்தடி தள்ளி அமர்ந்து செய்தியும் நெடுந்தொடரும் பார்ப்போருக்கோ, 43 அங்குலத் திரையில் முழு எச்டியைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே-யின் நுணுக்கம்கூடக் கண்ணுக்கு எட்டுவதில்லை. அவர்கள் மலிவான பெட்டியை வாங்கி, மிச்சப் பணத்தில், மெல்லிய பெட்டிகளின் நலிந்த ஒலியை ஈடுசெய்யும் சவுண்ட்பார் ஒன்றைச் சேர்ப்பதே மேல்.