நான்கு திருகாணிகளும் ஒரு பசையும்

கல்லூரி செல்லும் பிள்ளை மின்கிதார் வேண்டுமெனக் கேட்டு நிற்கிறானெனில், ஃபெண்டர், கிப்சன் என்னும் இரு பெயர்களும் தங்கள் செவியில் விழாமல் இரா. இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். இரண்டின் விலையும் மலைக்க வைப்பது. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் இவை எங்ஙனம் வேறுபடுகின்றன என்று அறிவது நலமன்றோ?

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! பழுது பார்ப்பவரின் கண்கொண்டே அவர் அக்கருவியை நோக்கினார். கழுத்துப் பகுதியை நான்கு திருகாணிகளால் உடலுடன் பிணைத்தார். கெட்டுவிட்டால் கழற்றி வேறொன்றைப் பொருத்திக் கொள்ளலாம். 1951-இல் டெலிகாஸ்டர் எனப் பெயர் பெற்ற கருவியும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இம்முறையில் அமைந்தவையே.

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் 1902-இல் தோன்றிய கிப்சன் நிறுவனமோ மாண்டலின் செய்து தேர்ந்த தச்சர் மரபில் வந்தது. 1952-இல் அது வெளியிட்ட லெஸ் பால் கிதாரில் மஹோகனி உடலின் மேல் மேப்பிள் பலகை. கழுத்தைப் பசையிட்டே ஒட்டினர். பார்வைக்கு மிக அழகு. ஆனால் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், சுவரில் சாய்த்து வைத்தது சரிந்து விழுந்தால் மெலிந்த இடத்தில் முறிந்துவிடுவதுண்டு. சிறு பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டார் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஓசைக்கு வருவோம். தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றுவது, காந்தத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள். ஃபெண்டரின் பழைய மாதிரிகளில் ஒற்றைச் சுருள். ஓசை மணிபோல் தெளிவாயிருக்கும். ஆயின் வீட்டு மின்சாரத்தின் 'உம்' என்ற இரைச்சலும் கூடவே நுழையும். கிப்சன் பொறியாளர் சேத் லவர் இதற்கு மாற்றுக் கண்டார். எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிராக அமைத்த இரு சுருள்களை இணைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிட, தந்தியின் ஓசை மட்டும் கூடித் தடித்து ஒலிக்கும். 1957 முதல் லெஸ் பாலில் இவ்வமைப்பு இடம்பெற்றது.

அதிரும் தந்தியின் நீளம் ஃபெண்டரில் 25.5 அங்குலம், கிப்சனில் ஏறத்தாழ 24.75. இந்த முக்கால் அங்குலக் குறைவால் தந்தி சற்றுத் தளர்ந்து விரலுக்கு மெதுவாயிருக்கும். சிறிய கை உடையோர்க்கு இது உதவி. (இரு நிறுவனத்தாரின் விரல் பலகைகளிலும் நம் நாட்டு ஈட்டி மரம் இடம் பெறுவதை அறிவீர்களா?)

என் கருத்தைக் கேட்பின், கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அமெரிக்காவில் செய்தவை இரண்டுமே வேண்டா. ஃபெண்டர் நிறுவனம் 1982-இல் தொடங்கிய ஸ்குவையர் கிதார்களும், கிப்சன் 1957-இல் வாங்கிய எபிஃபோனும் அதே வடிவில், மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மிஞ்சும் பணத்தில் ஒலிபெருக்கி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். அஃதின்றேல் மின்கிதாரின் ஓசை அடுத்த அறைக்குக்கூட எட்டாது. அதுவே நன்று எனக் கருதும் தந்தையரும் இருக்கக் கூடும்!