பெயருக்குள் இருக்கும் அம்பிகை

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்திருந்த என் பேத்தி, வந்த மறுநாள் காலையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என் நாற்காலியருகே வந்து நின்றாள். மகனின் மகள், நான்காம் வகுப்பு முடித்தவள். வீட்டுப் பெண்களின் பெயர்களையும் அவற்றின் பொருளையும் மூன்று தலைமுறைக்கு எழுதி வரவேண்டும் என்பது பள்ளியில் கொடுத்த விடுமுறை வேலை. தன் பெயருக்கு உரிய பொருளைத் தானே தேடி எழுதிவிட்டாள். அடுத்து அம்மா, அதற்கடுத்துப் பாட்டி, கடைசி வரியில் கொள்ளுப்பாட்டி. ஒவ்வொன்றின் எதிரிலும் வெற்றிடம்.

பாட்டியின் பெயரில்தான் முதல் சிக்கல் வந்தது. ஊரை ஆளும் அம்பிகையின் பெயரே என் மனைவிக்கும்: செண்பகவல்லி.

"செண்பகம் மரந்தானே தாத்தா? வல்லின்னா கொடின்னு போட்டிருக்கு. மரம் எப்படிக் கொடியாகும்?"

அறுபது ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று மாலை அவளை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். செண்பகவல்லி அம்பிகை உடனுறை பூவனநாத சுவாமி திருக்கோயிலைப் பற்றி இந்தப் பக்கத்து அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனித் தேரும் ஐப்பசித் திருக்கல்யாணமும் எங்கள் ஊரின் ஆண்டுக் கணக்கையே நிர்ணயிப்பவை. சுவாமியின் பெயரில் பூவனம். அம்பிகையின் பெயரில் செண்பகம். ஆனால் கோயிலை விட்டு வெளியே வந்து நான்கு திசையில் எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் காடு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, எல்லாம் வானம் பார்த்த வெள்ளாமை. செண்பக மரம் ஈரத்தை விரும்புவது, மலையடிவாரத்தில் செழிப்பது. குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி இருக்கிறது, பொருத்தமான இடம். வெடித்துக் கிடக்கும் கரிசலில் ஒரு செண்பக மரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஊருக்கு வாய்க்காத குளிர்ச்சியையும் மணத்தையும் எங்கள் முன்னோர் அம்பிகையின் பெயரில் வைத்துக்கொண்டார்கள் போலும்.

வல்லி என்பதற்கு வருவோம். வடமொழியில் வல்லி என்றால் கொடி. பெண்ணைக் கொடி என்று சொல்வது நம் புலவர்களின் பழைய வழக்கம். ஆகவே செண்பகவல்லி என்றால் செண்பகக் கொடி அன்று. செண்பக மலர் போன்ற, கொடி போன்ற பெண். மரகதவல்லி, கனகவல்லி எல்லாம் இதே வகை. பக்கத்தில் கழுகுமலையில் முருகனோடு இருப்பவள் வள்ளி. அவள் 'ள்ள' போடும் வள்ளி. வள்ளிக்கிழங்குக் கொடியோடு சேர்ந்த தமிழ்ப் பெயர் அது. இந்த இரண்டையும் குழப்பி எழுதிய பாஸ்புத்தகங்களை என் பணிக்காலத்தில் ஏராளமாகத் திருத்தியிருக்கிறேன்.

செண்பகம் என்ற சொல்லுக்குக் கால்கள் உண்டு. வடமொழியில் சம்பகம், இந்தியில் சம்பா, தெலுங்கில் சம்பங்கி (தமிழில் நாம் சம்பங்கி என்பது வேறு பூ). கன்னடத்தில் சம்பிகே என்றதும் பேத்தி துள்ளினாள். மல்லேஸ்வரத்தில் சம்பிகே சாலை வழியாகத்தான் அவள் பாட்டு வகுப்புக்குப் போகிறாளாம். "அது பாட்டி ரோடா!" என்றாள். கடல் தாண்டி மலாய் மொழியில் இதே பூ செம்பாக்கா. அங்கும் பெண்களுக்கு அதைப் பெயராக வைக்கிறார்கள். தாவரவியலார் இந்த மரத்துக்கு வைத்த பெயர் மக்னோலியா சம்பாகா. முன்பாதி ஒரு பிரெஞ்சுத் தாவர அறிஞரின் நினைவாக. பின்பாதி நம் பூ.

மருமகள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பெயர் கோமதி என்பதில் வியப்பில்லை. ஆடித்தபசு காணும் அந்த மண்ணில் வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு. மதி என்றால் நிலவு, அல்லது அறிவு என்று பேத்தி எழுதப் போனாள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் வடமொழி இலக்கணம் படித்தபோதுதான் தெளிந்தது. கோமதியில் உள்ள 'மதி' தனிச் சொல் அன்று; 'உடையவள்' என்று பொருள் தரும் விகுதி. கோ என்றால் பசு. கோமதி, பசுக்களை உடையவள். தேவ மகளிர் பசுக்களாக வந்து அம்பிகையைச் சூழ்ந்திருந்தனர் என்கிறது தல புராணம். இதையே நம் மக்கள் தமிழில் ஆவுடையாள் என்றார்கள். ஆ, பசு, உடையாள், உடையவள். எழுத்துக்கு எழுத்து அதே பொருள்! ஒரு தெருவில் கோமதியும் அடுத்த தெருவில் ஆவுடையம்மாளும் இருந்தால், இருவருக்கும் பெயர் ஒன்றே. செங்கோட்டையில் வேதாந்தப் பாடல்கள் பாடிய ஆவுடையக்காளும் இப்பெயர் தாங்கியவரே. வடக்கே லக்னௌ நகரைத் தொட்டு ஓடும் ஆற்றுக்கும் இதுவே பெயர். இருக்கு வேதத்திலேயே கோமதி ஒரு நதி.

இந்தச் சாவி கையில் கிடைத்த பிறகு பூட்டுகள் பல திறந்தன. நெல்லையில் காந்திமதி. காந்தி என்றால் ஒளி, எழில், எழில் உடையவள். அவளையே வடிவுடையம்மை என்கிறோம். எங்கள் பக்கத்தில் வடிவு, வடிவம்மாள் என்று எத்தனை ஆச்சிகள்! குற்றாலத்துக் குழல்வாய்மொழியை வடமொழியில் வேணுவாக்குவாதினி என்பார்கள், குழலுக்கு வேணு. மதுரை மீனாட்சி அங்கயற்கண்ணி. நாகப்பட்டினம் நீலாயதாட்சி கருந்தடங்கண்ணி. எது முதலில், எது மொழிபெயர்ப்பு என்று சண்டையிடுவோர் சண்டையிடட்டும். இரண்டு மொழியிலும் கூப்பிட்டால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்த பக்தனை எனக்குப் பிடிக்கிறது.

கரிசல் வட்டாரத்தில் மூன்றாவது ஒரு மொழியும் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. இடைசெவல் கி.ராஜநாராயணன் அவர்கள் 'கோபல்ல கிராமம்' நாவலில் எழுதியது அவ்வாறு வந்தவர்களின் கதைதான். அந்த வீடுகளில் அலமேலு என்பது செல்லப் பெயர். திருச்சானூர்த் தாயாரின் பெயர், ஆகவே தெலுங்குப் பெயர் என்று பலரும் நினைப்பதுண்டு. அலர்மேல்மங்கை என்ற தமிழ்தான் அது. அலர் என்றால் மலர். தாமரை மலர்மேல் வீற்றிருக்கும் மங்கை. தமிழ்ப் பெயர் மலையேறிப் போய், அலமேலு ஆகி, தெலுங்கு வீடுகளின் வழியே மறுபடி நம் தெருவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதை இதற்கு நேர்மாறு. கோதை என்றால் தமிழில் மாலை. வடமொழியார் அதைக் கோதா ஆக்கினார்கள். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் அவள் கதையைத் தெலுங்கில் காவியமாக்கி ஆமுக்தமால்யத என்று பெயரிட்டார். சூடிக் கொடுத்த மாலை என்பதே அதன் கருத்து.

வங்கியில் இருந்த முப்பத்தேழு ஆண்டுகளில் நான் வாசித்த பெரும் நூல் பேரேடுதான். 'மா' வரிசையில் பக்கம் பக்கமாக மாரியம்மாள், மாரித்தாய், மாரீஸ்வரி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சூழ்ந்த இருக்கன்குடியில் அமர்ந்தவளின் பெயர். மாரி என்றால் மழை. மானாவாரி நிலத்தில் மகளுக்கு மழை என்று பெயர் வைப்பதை விடப் பொருத்தம் வேறென்ன? ஒரு கால் குறைந்தால் மரியம்மாள். காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலுக்குச் செல்லும் வீட்டுப் பெண். எபிரேய மொழியின் மிரியாம் மரியாவாகி வந்த பெயர். துணைக்காலைக் கவனிக்காமல் பணத்தை மாற்றி வரவு வைத்து, நான் அவதிப்பட்டதும் உண்டு. அன்னம்மாள் என்றால் நம் வீட்டில் அன்னபூரணி. அவர்கள் வீட்டில் மரியாளின் தாயான புனித அன்னா, எபிரேயத்தில் அருள் என்று பொருள். தூத்துக்குடிக் கிளையில் முத்தம்மாளும் மார்கரெட்டும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மார்கரெட் என்பது முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது. (முத்துமாரியின் முத்து கடல் முத்து அன்று, அம்மை முத்து. அஞ்சிய ஒன்றையும் அலங்காரமாக்கிக் கும்பிட்டவர்கள் நம் பாட்டிகள்.)

பேரேட்டில் வேறு சில பெயர்களும் இருந்தன. அவற்றைப் பேத்தியிடம் உடனே சொல்லவில்லை. வரிசையாகப் பெண்ணே பிறந்த வீட்டில், இனிப் போதும் என்று தெய்வத்திடம் முறையிட்டு வைத்த பெயர் போதும்பொண்ணு. பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, எமன் கண்ணுக்கு மதிப்பற்றதாகத் தெரியட்டும் என்று வைத்த பெயர் குப்பம்மாள். தவிட்டுக்கு விற்று வாங்கிய பிள்ளைகளும் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், கணக்குத் தொடங்க வந்த ஒரு குப்பம்மாளிடம், "நல்ல பெயராக எழுதிக்கொள்ளலாமே, அம்மா" என்றேன். உதவி செய்வதாக நினைப்பு. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னை உசுரோட வச்ச பேரு அது சாமி. அப்படியே எழுதுங்க" என்றார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேரன், பேத்தி என்ற சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்று பொருள். அந்த முறைப்படி என் தாயாரின் பெயர் இந்தக் குழந்தைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை, பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. காரணம் நான்.

என் தாயாரின் பெயர் பிச்சையம்மாள். 1982-ல் வங்கியில் சேர்ந்த அன்று, என்னைச் சார்ந்து வாழ்பவர்களின் விவரத்தைப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். பக்கத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த நகரத்து இளைஞர்களைப் பார்த்தேன். லட்சுமியம்மாள் என்று எழுதினேன்.

பதினான்கு ஆண்டுகள் அந்தப் பொய் ஓசையின்றிக் கிடந்தது. 1996-ல் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்து, செலவுத் தொகைக்கு விண்ணப்பித்தபோது வெளியே வந்தது. மருத்துவமனைச் சீட்டிலும் ரேஷன் அட்டையிலும் பிச்சையம்மாள், பணிப்பதிவேட்டில் லட்சுமியம்மாள். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். கேட்டதில் தவறில்லை, நான் அந்த இருக்கையில் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன். தையல் முழுதும் ஆறாத அம்மாவை நோட்டரி வழக்கறிஞர் முன் அழைத்துப் போனேன். அவர் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். அம்மா என் பக்கம் திரும்பி, "லச்சுமியம்மா யாருப்பா?" என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. அம்மாவும் மறுபடி கேட்கவில்லை, கைநாட்டு வைத்தார்கள்.

திரும்பும் வழியில் பேருந்தில்தான் சொன்னார்கள். அவர்களுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. என் பாட்டி இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டு, ஏழு வீட்டில் முந்தானை ஏந்தி மடிப்பிச்சை எடுத்து, அந்தத் தானியத்தை அம்மன் சந்நிதியில் பொங்கிவைத்த பிறகு பிறந்த பிள்ளையாம். மாங்கல்யப் பிச்சை, உயிர்ப் பிச்சை என்று அம்பிகையின் முன் நாம் நாள்தோறும் சொல்லும் சொல்தான். படிவத்தில் எழுதும்போது மட்டும் எனக்குக் கூசியது. அம்மா இன்று இல்லை. பதிவேட்டில் கடைசிவரை 'பிச்சையம்மாள் என்கிற லட்சுமியம்மாள்' என்றே இருந்தது.

கோயிலிலிருந்து வந்து, விளக்கேற்றிய பிறகு பேத்தி நோட்டைத் திறந்தாள். ஒரே ஒரு வரி மிச்சம்.

"கொள்ளுப்பாட்டி பேரு லட்சுமிதானே? அப்பா சொன்னாங்க."

"இல்லை கண்ணு. பிச்சையம்மாள்."

என் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். குழந்தை பென்சிலை நிறுத்திவிட்டு, "பிச்சைன்னா கையேந்துறதுதானே?" என்றாள். முந்தானை ஏந்திய கதையை அவளுக்குச் சொன்னேன். படிவத்தின் கதையையும் சொன்னேன். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உன் வகுப்பில் டோரதி என்று யாராவது உண்டா என்று கேட்டேன். உண்டாம், பக்கத்து இருக்கையாம். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குக் கடவுள் தந்த பரிசு என்று பொருள், உன் கொள்ளுப்பாட்டியும் அதேதான் என்றேன்.

சிறிது நேரம் யோசித்தவள், குனிந்து எழுதினாள். 'ச்' வருமா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். பொருளுக்கு உரிய இடத்தில் நான் சொன்ன எதையும் எழுதவில்லை. "அம்மன்கிட்ட கேட்டு வாங்கின பாப்பா" என்று எழுதியிருந்தாள்.