பழைய நகலுக்கு ஆயுள் எவ்வளவு?

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்து ஒரு வேலையைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதி கொடுத்தது. வில்லியனூரில் திரட்டும் தகவல், கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் என்று சுற்றியுள்ள ஊர்களின் தகவல் மையங்களுக்குப் போகும். கிராமத்து டெலிபோன் லைனை நம்பியிருக்க முடியாத காலம். பேச்சும் எழுத்தும் வயர்லெஸ் ரேடியோவில் போயின. கரண்ட் நின்றால் சோலார் கைகொடுத்தது. எம்பலத்தில் கம்ப்யூட்டருக்கு இடம் கொடுத்தது ஊர்க் கோயில்.

போன தகவல்களில் இரண்டு ரகம். அரசுத் திட்டங்களில் யாருக்கு என்ன உதவி உண்டு என்ற பட்டியல் மாதக்கணக்கில் மாறாது. வீராம்பட்டினத்து மீனவர்கள் எதிர்பார்த்த அலை உயரம் அப்படியல்ல. வங்கக் கடலுக்கான முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் வலைதளத்தில் கிடைத்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் சொல்லி அனுப்ப, வீராம்பட்டினத்துக் கரையில் ஒலிபெருக்கி அறிவித்தது. மீனவர் காதில் விழுந்தது நகலின் நகல். திட்டப் பட்டியல் ஒரு மாதம் பழசானால் குடி முழுகிவிடாது. நேற்றைய அலையை இன்றைய அலை என்று அறிவித்தால் முழுகிவிடலாம்.

ஒரு நகலை எத்தனை நேரம் நம்பலாம் என்ற இந்தக் கேள்வியின் மேல்தான் இணையத்தின் பெயர்ப் பதிவேடான டி.என்.எஸ். நிற்கிறது.

பாகூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர் தன் வலைதளத்தை வேறொரு சர்வருக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டொமைன் பெயர் அதேதான். அது சுட்டும் ஐ.பி. எண் மட்டும் மாறுகிறது. புதிய எண்ணைப் பதிந்தாயிற்று. அவர் போனில் புதிய தளம் திறக்கிறது. சென்னையில் இருக்கும் மைத்துனருக்குப் பழையது வருகிறது. பாரீஸில் இருக்கும் சொந்தக்காரருக்கோ புதியது! தளம் அமைத்துக் கொடுத்த பையனைக் கேட்டால், "24 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரம் ஆகும் சார், உலகம் முழுக்கப் பரவணும்" என்கிறான்.

பரவுவதெல்லாம் இல்லை. சொர்ணாவூர் அணைக்கட்டில் திறந்த தண்ணீர் பங்காரு வாய்க்காலில் வந்து, பாகூர் ஏரியை நிரப்பி, பிறகு கடைமடைக்குப் போவதைப் போல புதிய எண்ணும் ஊர் ஊராக நகர்ந்து வருகிறது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படியானால் பாரீஸுக்கு முன்னால் அது சென்னைக்கு வந்திருக்க வேண்டுமே? புதிய எண்ணை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. பதிந்த சிறிது நேரத்திலேயே அது தயார். கேட்க வேண்டியவர்கள்தான் இன்னும் வந்து கேட்கவில்லை.

நம் போன் நேராகப் பதிவேட்டிடம் போவதில்லை. இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் ரிசால்வர் என்ற சர்வரிடம் கேட்கிறது. அந்த ரிசால்வர் முதலில் ரூட் சர்வரையும், அடுத்து ‘டாட் காம்’ அல்லது ‘டாட் இன்’ சர்வரையும், கடைசியில் அந்த டொமைனுக்கே உரிய நேம் சர்வரையும் விசாரித்து விடை வாங்கி வருகிறது. விடையோடு ஒரு கெடுவும் சேர்ந்து வரும்: ‘இதை இத்தனை நொடி வைத்துக்கொள்ளலாம்.’ டி.டி.எல். என்பது இதைத்தான். 3600 என்றால் ஒரு மணி நேரம். 86400 என்றால் ஒரு நாள். கெடு தீரும்வரை ரிசால்வர் கையிலிருக்கும் நகலையே எடுத்துக் கொடுக்கும்.

சென்னை ரிசால்வர், எண் மாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு நகல் எடுத்திருந்தால் மைத்துனர் ஏறக்குறைய முழுக் கெடுவும் காத்திருக்க வேண்டும். பாரீஸில் அன்று அதுவரை யாரும் மண்டியைத் தேடவில்லை. அதனால் முதல் கேள்விக்கே புதிய விடை. வாடிக்கையாளர் அதிகம் உள்ள ஊரில்தான் பழைய நகல் இருக்கும்.

48 மணி நேரம் என்ற கணக்குக்கும் ஓர் ஆதாரம் உண்டு. ஒரு டொமைனின் நேம் சர்வர்கள் எவை என்ற விவரத்துக்கு ‘டாட் காம்’ பதிவேடு வைத்திருக்கும் கெடு 172800 நொடி, அதாவது இரண்டு நாள். நேம் சர்வரையே மாற்றுபவருக்கு அது பொருந்தும். ஐ.பி. எண்ணை மட்டும் மாற்றுபவருக்குப் பொருந்தாது. அவருக்குக் கெடு அவரே வைத்த டி.டி.எல்.தான். எல்லோருக்கும் இரண்டு நாள் என்று சொல்லிவைப்பது சொல்பவருக்குப் பாதுகாப்பு, கேட்பவருக்கு உதவாது.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஆரம்ப காலத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரிக்க, மற்றவர்கள் முழுக் கோப்பையும் அவ்வப்போது இறக்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது மூச்சு முட்டியது. 1983-ல் டி.என்.எஸ்ஸை வடிவமைத்த பால் மொகபெட்ரிஸ், பதிவேட்டைப் பிரித்து அவரவர் பெயரை அவரவரிடமே ஒப்படைத்தார். நகலுக்குக் கெடு வைக்கும் உரிமையும் அவரவருக்கே. இதற்கு ஒரு விலை உண்டு: யாரிடம் நகல் இருக்கிறது என்ற கணக்கு எவரிடமும் கிடையாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது.

அதன் வலியை ஸ்வீடன் 2009 அக்டோபர் 12 அன்று அனுபவித்தது. ‘டாட் எஸ்இ’ பதிவேட்டைப் பராமரிக்கும்போது பெயர்களின் இறுதியில் வர வேண்டிய ஒரு புள்ளி விட்டுப்போனது. ஒரே ஒரு புள்ளிதான்! சுமார் 9 லட்சம் டொமைன்கள் காணாமல் போயின. தவறைச் சீக்கிரமே திருத்திவிட்டார்கள். ஆனால் அந்த இடைவெளியில் நகல் எடுத்த ரிசால்வர்களிடம் தவறு தொடர்ந்தது. 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனத்துக்கும் இதே கதிதான்: டி.என்.எஸ்ஸில் செய்த ஒரு மாற்றத்திலிருந்து பின்வாங்கிய பிறகும் 24 மணி நேரக் கெடு விடவில்லை. நகலை அழித்துவிடுங்கள் என்று இணைய நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெயரையே மாற்றிவிட்டால்? புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் அனுபவம் உண்டு. 2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி சட்டப்படி புதுச்சேரி. 1985-ல் பிறந்த பல்கலைக்கழகம் இன்றும் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம்தான். இணையத்தில் நிலைமை தலைகீழ். புத்தம் புதிய பெயருக்குப் பழைய நகல் எங்குமே இருக்காது. அதனால் பெரும்பாலும் உடனே திறக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற விடையையும் ரிசால்வர்கள் நகலெடுத்து வைக்கும். அந்த முறையை 1998-ல் ஒழுங்குபடுத்தினார்கள். பதிவு முடிவதற்குள் ஆர்வத்தில் தட்டிப் பார்ப்பவர்தான் ‘இல்லை’யை வாங்கி வைத்துக்கொண்டு கடைசியாகத் திறப்பார்.

2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர், வில்லியனூர் திட்டத்தின் இன்னொரு ஊரான நல்லவாடுக்குப் போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் மக்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். டி.என்.எஸ்ஸில் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஆகிய இரண்டும் பழைய நகலை அழிக்கச் சொல்லத் தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. மற்ற ஆயிரக்கணக்கான ரிசால்வர்களை என்ன செய்வது?

ஆகவே வேலை முன்கூட்டியே நடக்க வேண்டும். டி.டி.எல். 86400 என்றிருந்தால், சர்வரை மாற்றுவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட வேண்டும். மாற்றுகிற நாளில் குறைத்துப் பயனில்லை, பழைய கெடுவோடு நகல்கள் வெளியே போய்விட்டன. எல்லாம் சரியான பிறகு மறுபடி உயர்த்திவிடலாம். எப்போதும் 300-லேயே விட்டால் நேம் சர்வர் சற்று நேரம் படுத்தாலும் தளமும் கூடவே படுக்கும். சில ரிசால்வர்கள் கெடுவை மதிக்காமல் கூடுதலாக வைத்துக்கொள்வதும் உண்டு. அதனால் மண்டிக்காரர் பழைய ஹோஸ்டிங்கின் வாடகையை உடனே நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரத்துக்குக் கட்டுவது நல்லது. பழைய எண்ணைத் தேடி வரும் ஆர்டர்கள் அங்கேதான் வந்து விழும்.