'பிடி' வினையும் ஆங்கிலக் 'கேட்ச்' வினையும்: இராதாபுரம் வட்டார வழக்கை முன்வைத்து ஒரு சொற்பொருளாய்வு

ஆங்கிலத்தின் 'கேட்ச்' என்னும் வினைக்கு நேராகத் தமிழில் முதலில் நிறுத்தப்படுவது 'பிடி' என்னும் வினையே. பந்து, மீன், திருடன், பேருந்து ஆகிய நான்கிற்கும் இச்சமன்பாடு பொருந்திவிடுவதால் அதன் போதாமை எளிதில் புலப்படுவதில்லை. இராதாபுரம் வட்டாரத்தின் குளங்களையும் கடற்கரையையும் சார்ந்த வழக்குகள் அதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. (இப்பகுதியின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் ஒலியிலும் உருபிலுமே பெரிதும் கருத்தூன்றியது, வினைகளின் பொருட்பரப்பு அதன் மையமன்று.)

'கேட்ச்' பெரும்பாலும் அகப்படுத்தும் கணத்தைச் சுட்டும். அகப்பட்டதை வைத்திருத்தலுக்கு ஆங்கிலத்தில் 'ஹோல்ட்' என்னும் வேறு வினை உண்டு. தமிழ்ப் 'பிடி' இரண்டையும் தன்னுள் கொண்டது. 'கோழியைப் பிடித்தான்' என்பதில் கணமும், 'குடை பிடித்தான்' என்பதில் நீட்சியும் பொருளாகின்றன. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் கூறும் வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல்லில் பெயரின் பொருளை வினை தெளிவிக்கும். இங்கோ வினையின் பொருளைப் பெயர் தெளிவிக்கிறது.

பெயரும் துணைசெய்யாதபோது மயக்கம் பிறக்கும். 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்னும் தொடர் வானிலைச் செய்திகளில் மழைநீரை வாங்கி அணைக்கு அனுப்பும் மலைச்சரிவைக் குறிக்கிறது. குள ஆக்கிரமிப்புப் பற்றிய செய்திகளிலோ அதே தொடர் நீர் தேங்கும் குளத்தின் உட்பரப்பைக் குறிக்கிறது. முன்னது அகப்படுத்தல், பின்னது வைத்திருத்தல். இராதாபுரம் கால்வாயால் நீர்பெறும் குளங்களில் இவ்விரு நிலங்களும் வெவ்வேறு மாவட்டங்களில் அமைந்துவிடுகின்றன: அக்கால்வாய் நீர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோதையாற்று மலைகளில் பிடிபட்டு, இங்குள்ள குளங்களில் தேங்குகிறது. 2007ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் நடைமுறையிலுள்ள நிலையில், எந்த நிலம் சுட்டப்படுகிறது என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உழுபவனின் உரிமையும் குளத்தின் எல்லையும் அதனைச் சார்ந்தவை. உள்வாய், வரத்து என்னும் பழஞ்சொற்கள் இம்மயக்கத்திற்கு இடந்தராதவை. அவற்றைக் கைவிட்டு ஒரே தொடரை இரண்டிற்கும் வழங்குவது இழப்பேயாகும்.

கடற்கரை வழக்கு வேறொரு வகையில் விலகுகிறது. தென்கரை மீனவர் கடலிலிருந்து கொணர்வதைப் 'பிடி' என்பதில்லை, 'மீன்பாடு' என்பர். பாடு என்பது 'படு' என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'வலையில் மீன் பட்டது' என்னும்போது மீனே எழுவாய். வலைஞன் தொடரில் இல்லை. அரசு ஆவணங்களின் 'மீன்பிடிப்பு' மனித முயற்சியை முன்னிறுத்த, இடிந்தகரையும் கூத்தங்குழியும் உட்பட்ட இக்கரையின் தொழிலுக்குரிய அச்சொல்லோ கடல் தருவதை முன்னிறுத்துகிறது. மீன்வளக் கலைச்சொல் தொகுப்புகளில் 'பாடு' தலைச்சொல்லாக இடம்பெறுவது தகும்.

நோய் பற்றிய வழக்கில் திசையே மாறுகிறது. ஆங்கிலத்தில் மனிதன் சளியைப் பிடிக்கிறான். தமிழில் அவனுக்குச் சளி பிடிக்கிறது. 'அவனைப் பேய் பிடித்தது' என இரண்டாம் வேற்றுமையும், 'அவனுக்குப் பைத்தியம் பிடித்தது' என நான்காம் வேற்றுமையும் வருகின்றன. புறத்தே நின்று பற்றுவதற்கு ஐயும், உடலிலோ உள்ளத்திலோ விளைவதற்குக் குவ்வும் வருவது பெரும்பான்மை. (சனி இரண்டு உருபோடும் வரும், அது புறத்ததா அகத்ததா என்பதைச் சோதிடரே தெளிவிக்க வேண்டும்.) 'எனக்கு இவ்வூர் பிடிக்கும்' என்னும் விருப்பப் பொருளும் நான்காம் வேற்றுமை வழக்கோடு ஒப்பவே நிற்கிறது. ஆகவே அதனைத் தொடர்பற்ற தனிப்பொருளாக அகராதியில் எண்ணிடுவதைவிட, உருபைச் சுட்டிச் சளி, பைத்தியம் ஆகியவற்றின் வரிசையில் வைப்பதே பொருத்தம்.

ஒருவர் சொன்னது காதில் விழாததற்கும் விளங்காததற்கும் ஆங்கிலம் 'கேட்ச்' வினையையே எதிர்மறையாக்கும். தமிழில் அங்குப் 'பிடிக்கவில்லை' என்றால் வெறுப்பாகிவிடும். 'பிடிபடவில்லை' என்றே கூற வேண்டும். மலையின் பிடிப்பும் கடலின் பாடும் அவ்வொரு சொல்லில் இணைந்து நிற்கின்றன.