துபாயில் வேலை, ஷார்ஜாவில் வீடு: லாபமா? நஷ்டமா?

துபாயில் குமாஸ்தா வேலை. விசா வந்துவிட்டது. விமான டிக்கெட்டும் தயார். இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. எங்கே குடியிருப்பது?

வேலை சர்ச்கேட்டில், வீடு விராரில் என்று மும்பையில் வாழ்ந்து பழகியவர்களுக்கு இந்த கணக்கு புதிது அல்ல. துபாய்க்கு விரார் போன்றது, பக்கத்தில் இருக்கும் ஷார்ஜா. அங்கே வாடகை குறைவு. ஆகவே ஆயிரக்கணக்கானோர் ஷார்ஜாவில் தூங்கி, துபாயில் உழைக்கிறார்கள்.

ரெயில் கிடையாது

ஆனால் விராருக்கு ரெயில் இருக்கிறது. துபாயில் 2009-ல் ஓட தொடங்கிய மெட்ரோ ரெயில் ஷார்ஜாவுக்குள் போவது இல்லை. பஸ் அல்லது கார்தான். தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் காலையிலும், மாலையிலும் வண்டிகள் எறும்பு போல ஊர்ந்து செல்லும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்பது சர்வ சாதாரணம். சொந்த கார் என்றால் 'சாலிக்' என்ற சாலை கட்டணம் வேறு. 2025 ஜனவரி 31-ந்தேதி முதல், நெரிசல் நேரத்தில் ஒரு முறை கடக்க 6 திர்ஹாம்.

கட்டில் வாடகை

துபாயிலேயே இருக்க விரும்பும் தனி ஆட்கள் தேரா, கராமா, சத்வா பகுதிகளில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு பிடிக்கிறார்கள். அறையை பலகையால் தடுத்தும் வாடகைக்கு விடுவது உண்டு. மலிவுதான். ஆனால் அனுமதி இல்லாத தடுப்புகள் மீது 2025 ஜூன் மாதம் துபாய் மாநகராட்சி தீவிர நடவடிக்கை எடுத்தது. தடுப்பு அறையில் குடியிருந்தவர்கள் பெட்டி, படுக்கையுடன் வேறு இடம் தேட நேர்ந்தது.

மனைவி, குழந்தைகள்

குடும்பத்தை அழைத்து செல்ல 4 ஆயிரம் திர்ஹாம் சம்பளம் வேண்டும். கம்பெனி வீடு கொடுத்தால் 3 ஆயிரம் போதும். வாடகை பேசுவது வருட கணக்கில். அதை சில காசோலைகளாக பிரித்து, முன்கூட்டியே எழுதி கொடுக்க வேண்டும். துபாயில் வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டு கட்டணமாக மின்சார, தண்ணீர் பில்லோடு சேர்ந்து வரும்.

எனவே சிறு சம்பளக்காரர் குடும்பத்தோடு வாழ ஷார்ஜா கைகொடுக்கிறது. அதற்கு விலையும் உண்டு. குழந்தை எழும் முன்பே புறப்பட வேண்டும். அது தூங்கிய பிறகு திரும்ப வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. அல் நஹ்தா என்ற பெயரில் எல்லையின் இருபுறமும் குடியிருப்பு பகுதி இருக்கிறது. ஷார்ஜா பக்கம் குடியிருந்தால், எல்லையை தாண்டியதும் துபாய்தான்.

ஊரில் இருந்தபடியே யாருக்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம். போய் சேர்ந்ததும், ஒரு நாள் காலை 7 மணிக்கு ஷார்ஜாவில் இருந்து ஆபீசுக்கு பஸ்சில் போய் பாருங்கள். கையெழுத்து அதற்கு பிறகுதான்!