பக்கவாதத்துக்குப் பிறகு கை, கால், மூளைக்குப் பயிற்சி: 'விஆர்' கண்ணாடி எப்படி உதவுகிறது?

திருவல்லிக்கேணி சந்துகளில் குறுகலான, செங்குத்தான படிக்கட்டு வைத்த மாடி வீடுகள் அதிகம். அப்படியொரு வீட்டில் இருப்பவருக்குப் பக்கவாதம் வந்தால், பிழைத்து வீடு திரும்புவது பாதிக் கிணறுதான். மறுபடியும் படி இறங்கி, பாரதி சாலையைத் தனியாகக் கடக்க முடியுமா என்பது மீதி. அதற்கு உதவும் கருவியாக இப்போது பேசப்படுவதுதான் 'விஆர்' எனும் மெய்நிகர் தொழில்நுட்பம்.

விஆர் என்ன செய்கிறது?

மூளையின் ஒரு பகுதி சேதமானால், அதன் வேலையை மற்ற பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ளும். ஆனா, அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யணும். பத்து தடவை போதாது; நூற்றுக்கணக்கில் தேவை. "கையைத் தூக்குங்க, இறக்குங்க" என்றால் இரண்டாவது வாரமே சலித்துவிடும். விஆர் கண்ணாடியை மாட்டினால், அதே அசைவு பழம் பறிக்கும் விளையாட்டாக மாறிவிடும். கை எவ்வளவு உயர்கிறது என்று பார்த்து, கருவி ஆட்டத்தைப் படிப்படியாகக் கடினமாக்கும்.

மூளைக்கும் பயிற்சியா?

ஆமாம். வலது மூளை பாதிக்கப்பட்ட சிலர், இடப்பக்கம் இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். கண்ணில் கோளாறு இருக்காது. இடப்பக்கம் வரும் ஆட்டோ மனதில் பதியாது, அவ்வளவுதான். இவர்களை நேராக ரோட்டில் விட்டுப் பழக்க முடியாது. விஆர் சாலையில் தப்பு செய்தாலும் அடிபடாது. கடையில் பட்டியல் பார்த்துச் சாமான் எடுப்பது போன்ற நினைவாற்றல் பயிற்சிகளும் உண்டு.

சென்னைக்கு என்ன தொடர்பு?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன். 1990களில் அமெரிக்காவில், கை இழந்தவர்களின் 'இல்லாத கை' வலிக்கு அவர் பயன்படுத்தியது கண்ணாடி பதித்த ஒரு சாதாரணப் பெட்டி. நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்கும் இடத்தில் தெரியும். சிலருக்கு வலி குறைந்தது. அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயரே 'மெய்நிகர் பெட்டி'! பின்னர் பக்கவாதத்துக்கும் இந்த முறை வந்தது.

இன்று சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் உருவாக்கியுள்ள 'புளூட்டோ' ரோபோவும் கைப்பயிற்சியைத் திரை விளையாட்டோடு இணைக்கிறது.

உண்மையில் பலன் உண்டா?

72 ஆய்வுகளை அலசிய 2017 காக்ரேன் அறிக்கை, வழக்கமான பிசியோதெரபியை விட விஆர் கைக்குச் சிறந்தது என்று சொல்லவில்லை. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலன் இருக்கலாம் என்றது. 2025 புதுப்பிப்பு, கை அசைவில் சிறிது கூடுதல் பலன் இருப்பதாகச் சொன்னது. ஆக, விஆர் மாயாஜாலம் இல்லை. பிசியோதெரபிஸ்ட்டுக்கு மாற்றும் இல்லை.

எதில் கவனம் தேவை?

தலைசுற்றல், குமட்டல் வரலாம். வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. தள்ளாட்டம் இருந்தால் உட்கார்ந்தே செய்யணும். பக்கத்தில் ஆள் இருக்கணும்.

கண்ணாடி வாங்க வசதி இல்லையே என்று பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். விஆர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கை திரும்புவது தினசரிப் பயிற்சியில்தான்.