‘இன்று’ என்று சொல்கிற குரல்

பகலெல்லாம் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் கேமராமேன் உத்தியோகம். நாட்டு நடப்பைப் படம்பிடிக்கச் சம்பளம். இந்த மனுஷன் ஒரு பழைய ஸினே கோடக் 16 எம்.எம். கேமராவிடம் மனசைப் பறிகொடுக்கிறார். வாங்கிவந்து பெண்டாட்டியை, குழந்தையை எடுக்கிறார். புது பொம்மை கிடைத்த பையனின் குதூகலம். கவிஞர் சுஸுகி ஷிரோயாசுவின் ‘அஸ்தமனப் பதிவுகள்’ (1975) என்கிற நாட்குறிப்புப் படம் ஏறக்குறைய இவ்வளவுதான். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்க அவரே இடம் கொடுக்கிறார்.

தோழர் ஒருவர் கோபப்பட்டார். “நரிதா விமான நிலையத்துக்கு எதிரா நின்ன விவசாயிகளோடயே ஒகாவா ஷின்ஸுகே குழு வருஷக்கணக்கா தங்கிப் படமெடுத்த தேசம்யா அது. இதுல மக்கள் எங்கே?” கேள்வி நியாயம்தான். அறுபதுகளின் எழுச்சி அடங்கியபின் பலர் வீட்டுக்குள் திரும்பிய காலம் அது. சுஸுகி தன் எழுத்துக்கு வைத்த பெயரே ‘அதி அந்தரங்கம்’.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு. சாவி கொடுத்தால் ஓடுகிற அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. குரலைப் பிறகுதான் சேர்க்க வேண்டும். படம் ஒரு நாளையது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கிற குரல் வேறொரு நாளையது. எடுத்தது எல்லாமே நிஜம், பேசுகிற ‘நான்’ மட்டும் பின்னால் புனையப்பட்டது. நாட்குறிப்பும் அப்படித்தானே? காலையில் நடந்ததை ராத்திரி உட்கார்ந்து நிகழ்காலம்போல எழுதுகிறோம்.

ஜப்பானில் இதற்கு நீண்ட மரபுண்டு. தயாமா கதாய் 1907இல் எழுதிய ‘மெத்தை’ நாவலில், நடுவயது எழுத்தாளன் பிரிந்துபோன மாணவியின் படுக்கையை முகர்ந்து அழுகிறான். வாசகர்கள் அதை ஆசிரியரின் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘தன்னிலை நாவல்’ என்கிற வகைக்கு முன்னோடியானது அது. இமாமுரா ஷோஹேய் 1967இல் எடுத்த ‘மனிதன் மறைகிறான்’ இந்த நம்பிக்கையை நேரடியாக உடைத்தது. காணாமல்போன வருங்காலக் கணவனைத் தேடுகிறாள் ஒரு பெண். கூடவே போய் விசாரிப்பவர் ஒரு நடிகர். ஒரு கட்டத்தில் இயக்குநர் உத்தரவிட, அவர்கள் பேசிக்கொண்டிருந்த அறையின் சுவர்கள் பிரிக்கப்படுகின்றன. பார்த்தால் அது ஸ்டூடியோ! சுஸுகிக்கு இடிக்கச் சுவர் தேவைப்படவில்லை. தன் குரலே போதும்.

இயக்கங்களில் இருக்கிற நாம் வாக்குமூலத்தை ரொம்ப நம்புகிறவர்கள். யார் பேசுகிறார் என்று கேட்போம். எப்போது சேர்த்த குரல் இது என்று கேட்பதில்லை. நானும் ஒரு போராட்டத்தைப் பற்றி நாட்குறிப்பு வடிவில் எழுதியிருக்கிறேன். ‘இன்று காலை’ என்று தொடங்கும். எழுதியது எட்டு மாதம் கழித்து. பொய்யில்லை, ஆனால் அந்தக் காலையில் எனக்கிருந்த பயம் அதில் இல்லை. எட்டு மாதத்தில் அது தைரியமாக மாறிவிட்டிருந்தது.

‘பதினைந்து நாட்கள்’ (1980) என்ற படத்தில் சுஸுகி தினமும் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார், பதினைந்து நாளைக்கு. அன்றைய பொழுதைப் பற்றிப் பேசுகிறாரா, பேசுவதற்காகவே அந்தப் பொழுதைக் கழித்தாரா என்று பிரிக்கவே முடியவில்லை. தோழரிடம் இதைச் சொன்னேன். “அப்ப உன் கட்டுரைய என்ன பண்றது?” என்றார். அதில் ‘இன்று காலை’ இன்னும் அப்படியேதான் இருக்கிறது.